மாட்டிறைச்சி நிறத்தில் ஒரு தரை

ஏவ்ரில் ஸ்டாதர்ஸ் என்ற பெண்மணி ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. அந்த உயரம்தான் அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது. அப்போது எங்கள் கடலோர ஊரான வித்தர்ன்சீயில் சவப்பெட்டி தூக்குகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒரு நாள் அவர்களில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பதினோரு மணிக்குச் சவ அடக்கம். சவ அடக்கக் கம்பெனியின் அலுவலகத்தில் டீ போட்டுக்கொண்டும் போன் எடுத்துக்கொண்டும் இருந்த ஏவ்ரிலை முதலாளி மேலும் கீழும் பார்த்தார். சுவரோரம் நிற்கவைத்துத் தோள் உயரத்தை அளந்தார். மற்ற மூன்று பேருக்கும் சரியாக இருந்தது. தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார். அன்றைக்குத் தூக்க ஆரம்பித்தவர், இருபத்தாறு வருஷம் கழித்து முட்டி தேய்ந்த பிறகுதான் நிறுத்தினார்.

நான் அவர் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கடைத்தெரு மருந்துக்கடையில் எனக்கு வேலை. ஊரில் பாதிப் பேருக்கு நான் மாத்திரை கொடுத்திருக்கிறேன். அது பலிக்காதபோது ஏவ்ரில் பார்த்துக்கொண்டார். இதை அவரே எல்லோரிடமும் சொல்வார், என் முதலாளி இருக்கும்போதும் சொல்வார்.

இறந்தவர்களைப் பற்றி ஏவ்ரிலுக்குப் பயமும் இல்லை, பக்தியும் இல்லை. உயிரோடு இருப்பவர்களைப் பற்றியும் அப்படித்தான். வேலையில் இருந்த கடைசி வருஷம் ஒரு பன்றிப்பண்ணைக்காரரை எடுக்கப் போனார். பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பண்ணைக்குப் பின்னால், காஞ்சொறிச் செடிகளுக்கு நடுவே, ஒரு பழைய கேரவன் நின்றது. சினிமாக்காரர்கள் உட்கார்ந்து முகப்பூச்சு போட்டுக்கொள்ளும் பேருந்து இல்லை. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சின்னச் சக்கர வீடு. 1958-இல் ஹல் நகரத்தில் செய்தது. செய்த கம்பெனியே இப்போது இல்லை. பதிமூன்று அடி நீளம், கீழே பச்சை, மேலே பாலேட்டு நிறம், உள்ளே பதினேழு கோழிகள். ஏவ்ரில் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தார். ஒரு கோழி வெளியே எட்டிப்பார்த்தது. அதோடு மனசு போய்விட்டது என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

துக்க வீட்டில் அன்றே விலை பேசுவது நன்றாக இருக்காது என்று பதினோரு நாள் பொறுத்திருந்தார். பன்னிரண்டாம் நாள் போய்க் கேட்டார். கோழிகளைத் தர முடியாது, வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று விதவை சொல்லிவிட்டார்.

கணவர் நெவில், வண்டி வீட்டு வாசலுக்கு வந்தபோது முகர்ந்துபார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர். இனி சக்கரம் வைத்த எதற்குள்ளும் இருக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியில் ஓய்வு பெற்றிருந்தார்.

ஏவ்ரில் இரண்டு வருஷம் அதில் வேலை செய்தார். உளுத்துப்போன மரச்சட்டங்களை மாற்றினார். கூரைத் தகட்டின் ஓட்டைகளை அடைத்தார். அந்தக் காலத்துக் கேஸ் விளக்குக்குக் கண்ணாடி மூடி தேடி ஸ்காட்லாந்து வரை எழுதினார். திரைச்சீலைக்கு யாரோ ஒரு கிழவரின் பைஜாமாவை வெட்டித் தைத்தார். அந்தக் கிழவரையும் அவர்தான் தூக்கினார் என்று ஊரில் பேச்சு இருந்தது. நான் கேட்கவில்லை. தரைக்கு மட்டும், பக்கத்து ஊர்க் கடையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு வாங்கி ஒட்டிவிட்டார்.

அதுதான் ராட்னி பிளெங்கினின் கண்ணில் பட்டது.

எங்கள் பக்கத்தில் பழைய கேரவன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. ஆகஸ்ட் கடைசியில் டிரிஃபீல்டு பக்கம் ஒரு புல்வெளியில் கூடுவார்கள். 1960-க்கு முந்தைய வண்டிகளுக்குத் தனிப் போட்டி. ராட்னி அந்தச் சங்கத்தின் செயலாளர், நடுவரும் அவரே. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். உங்களிடம் டிக்கெட் இல்லை என்று முன்பே முடிவு செய்துவிட்ட முகம். சட்டைப்பையில் ஒரு டார்ச்சும், பல் டாக்டர் வைத்திருப்பது போல நீண்ட காம்பில் ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்திருப்பார். இடுக்குகளைப் பார்க்க. பிளாஸ்டிக் துணிக்கிளிப்பு வைத்திருந்ததற்காக ஒரு குடும்பத்தையே போட்டியிலிருந்து நீக்கியவர்.

ஏப்ரல் மாதம் போட்டிக்கு முந்தைய பரிசோதனைக்கு வந்தார். முக்கால் மணி நேரம் பார்த்தார். விளக்கைப் பார்த்துத் தலையசைத்தார். அலமாரிக் கைப்பிடியைத் தடவிப்பார்த்தார். அப்புறம் கீழே பார்த்தார்.

"மிஸஸ் ஸ்டாதர்ஸ், இது என்ன?"

"தரை."

"காலேஜ் பசங்க வாடகைக்கு இருக்குற வீட்டுச் சமையக்கட்டு மாதிரி இருக்கு."

வண்டி பிறந்தபோது அதில் இருந்தது ஆளிவிதை எண்ணெயும் மரத்தூளும் சேர்த்துச் செய்யும் லினோலியம் விரிப்பு என்றும், அது இல்லாமல் இந்தப் பிரிவில் சேர்க்க முடியாது என்றும் ராட்னி சொன்னார். சோபாவுக்குக் கீழே இருக்கும் பெட்டிக்குள் தன் கண்ணாடியை நீட்டி, ஒரு மூலையில் ஒட்டியிருந்த பழைய துண்டு ஒன்றைக் காட்டினார். கோழிகள்கூடத் தொடாமல் விட்டிருந்த துண்டு. உள்ளங்கை அகலம் இருக்கும். ஏவ்ரில் அதைப் பெயர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். மங்கிய சிவப்பு, அதில் வெள்ளையும் பழுப்புமாகக் கீற்றுகள். டின்னில் வரும் மாட்டிறைச்சியைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்தது மாதிரி இருந்தது. நெவில் பார்த்துவிட்டுத் தனக்கு ரொட்டி நடுவில் வைத்துத் தரச் சொன்னார்.

அதிலிருந்து ஏவ்ரில் அந்தத் துண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டே அலைந்தார். லினோலியம் இன்றும் செய்கிறார்கள். ஆனால் அந்த நிறம் இல்லை. கிடைப்பதெல்லாம் ஆஸ்பத்திரிப் பச்சை, ஆஸ்பத்திரி நீலம். தடிப்பும் அதிகம், அதைப் போட்டால் கதவு திறக்காது. லிங்கன்ஷயரில் ஒருவர், கடை மூடியபோது மிஞ்சிய பழைய சுருள் ஒன்று வைத்திருப்பதாகச் சொல்ல, மே மாதக் குளிரில் போய் வாங்கி வந்தார். வீட்டு வாசலில் அதைப் பிரித்தபோது அப்பளம் மாதிரி நொறுங்கியது. குளிர்ந்த பழைய லினோவைப் பிரிக்கவே கூடாதாம். அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அடுத்து, அதே மாதிரிச் சிவப்பில், அதே காலத்துத் தரை வில்லைகள் நாலு பெட்டி யாரிடமோ கிடைத்தன. ஏவ்ரில் சந்தோஷமாக வாங்கிவந்து கராஜில் அடுக்கினார். ஒன்றை ரம்பத்தால் அறுக்கப்போகும் நேரத்தில்தான் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். கல்நார் கலந்தது, அறுத்தால் அந்தத் தூசி நுரையீரலைத் தின்றுவிடும். ரம்பத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே வந்து கவுன்சிலுக்குப் போன் போட்டார்.

இரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, தலை முதல் கால் வரை வெள்ளை உடையும் முகமூடியும் போட்ட இரண்டு பேர் வேனில் வந்தார்கள். ஏவ்ரில் வீட்டுக் கராஜிலிருந்து கனமான பிளாஸ்டிக்கில் சுற்றி ஒட்டிய ஒரு பெரிய மூட்டையை மெதுவாகத் தூக்கிப் போனார்கள். ஏவ்ரில் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவருக்கு வேறு மாதிரி நிற்கத் தெரியாது. எதிர்வீட்டு மிஸஸ் ட்வெடில் இதை ஜன்னலிலிருந்து பார்த்தார். மத்தியானத்துக்குள் தெரு முழுக்க நெவில் செத்துப்போய்விட்டார்.

நானும் நம்பினேன், மறைப்பானேன். போன வாரம்தான் அவருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை கொடுத்திருந்தேன். டோஸ் சரியாகக் கொடுத்தேனா என்று கடைப் பதிவேட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். துக்க வீட்டுக்கு என்ன எடுத்துப்போவது என்று தெரியாமல் ஒரு பாத்திரம் நிறையச் சாம்பார் சாதம் செய்து எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். நெவில் பனியனோடு வந்து திறந்தார். பின்னால் மேசையில் ஏற்கெனவே மூன்று கேக்கும் இரண்டு அனுதாப அட்டையும் இருந்தன.

"இது யாருக்கு?" என்று பாத்திரத்தைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்குத்தான்," என்றேன். பொய் இல்லை.

"உசுரோட இருந்தப்ப ஒருத்தரும் ஒரு பிஸ்கட் குடுக்கல," என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார். பாத்திரத்தைக் காலி செய்து அன்று மாலையே திருப்பிக் கொடுத்தார். ஊறுகாய் இருக்கிறதா என்றும் விசாரித்தார்.

ஜூன் முடிந்தது. ஏவ்ரில் கொஞ்சம் சோர்ந்துதான் போனார். இந்தப் போட்டி அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று ஒருமுறை கேட்டேன். இருபத்தாறு வருஷம் தான் வேலை செய்து முடித்த எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் மண்ணில் புதைத்தார்கள் அல்லது எரித்தார்கள், ஒன்றையாவது ஆட்கள் நின்று பார்த்துவிட்டுப் போகட்டுமே என்றார். சிரிக்காமல் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து நாங்கள் மூன்று பேரும் உருளைக்கிழங்கு வடையும் சிப்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஏவ்ரில் கைப்பையிலிருந்து கைக்குட்டை எடுக்கும்போது அந்தச் சிவப்புத் துண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர், எடுக்காமல் காலால் அதன்மேல் மிதித்தார். மறுபடியும் மிதித்தார்.

"இத நான் மிதிச்சிருக்கேன்," என்றார்.

"இப்பத்தானே மிதிச்ச," என்றார் நெவில்.

"வாய மூடு. வேலையில மிதிச்சிருக்கேன்."

பெட்டி தூக்குகிறவர்கள் அழுகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தால் கால் தடுமாறும். தரையைத்தான் பார்ப்பார்கள்: எங்கே படி, எங்கே விரிப்பு சுருண்டிருக்கிறது, எங்கே பூனை படுத்திருக்கிறது. இந்த ஊரில் ஏவ்ரிலுக்கு முகம் தெரியாத ஆட்கள் உண்டு, தரை தெரியாத வீடு இல்லை. அவருக்கு நினைவு வந்தது ஒரு குறுகலான நடை, ஒரு படி இறக்கம், உடனே ஒரு திருப்பம். திருப்பத்தில் இந்தச் சிவப்பு. புது ஷூ அதன்மேல் கீச்சென்று கத்தியது. யார் வீடு என்பது மட்டும் வரவில்லை.

அதனால் வில்ஃப் டன்னைப் பார்க்கப் போனார். வில்ஃபுக்கு எழுபத்தெட்டு வயது. இருவரும் முன்வரிசையில் பதினைந்து வருஷம் ஜோடி போட்டுத் தூக்கியவர்கள். நானும் கூடப் போனேன், அவருக்கு மாத்திரை கொடுக்கிற சாக்கில். வில்ஃப் தன் தோட்டத்தில் முட்டைக்கோஸ் இலையில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தரை நினைவிருக்காது, எடைதான் நினைவிருக்கும்.

"திருப்பத்துல பெட்டி மாட்டிக்கிச்சு, வில்ஃப். படுத்த வாக்குல திரும்பல. தூக்கி நிக்க வச்சுத்தான் கொண்டாந்தோம்," என்றார் ஏவ்ரில்.

வில்ஃப் ஒரு புழுவை நசுக்கிவிட்டு யோசித்தார்.

"கிழவிய நிக்க வச்சோமே, அதுவா? ஆளு ஒண்ணும் கனமில்ல. ஒரு கோழி எடைதான். பெட்டிதான் கனம், அசல் ஓக்கு மரம். பின்னாடியே புள்ள வந்தான். அழுவான்னு பாத்தா, செவுத்துல உரசுது, செவுத்துல உரசுதுன்னு சொல்லிக்கிட்டே வந்தான்."

"யாரு புள்ள அது?"

"அதான்மா, அந்த டிக்கெட்டு ஆளு. பிளெங்கின்."

ஏவ்ரில் முட்டைக்கோஸ் பாத்தியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்ததைப் பார்த்து, வில்ஃப் எனக்குக் கண்ஜாடை காட்டி மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

ராட்னி இன்னும் அதே வீட்டில்தான் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஏவ்ரில் போய் மணியடித்தார். நடந்ததை அவர் எனக்கு இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் ஒரே மாதிரி சொன்னதால் நம்புகிறேன்.

உலகத்துக்கெல்லாம் பழைய முறை போதிக்கும் ராட்னியின் வீட்டில் பழையது ஒன்றுகூட இல்லை. ஜன்னல் பிளாஸ்டிக், கதவு பிளாஸ்டிக், பூச்சாடியில் இருந்த ரோஜாவும் பிளாஸ்டிக். நடை முழுக்கச் சுவருக்குச் சுவர் வெளிர்பழுப்புக் கார்பெட். விஷயத்தைச் சொன்னதும், அப்படி ஒரு தரை தன் வீட்டில் எப்போதும் இருந்ததில்லை என்று ராட்னி மறுத்தார். கதவைச் சாத்தவும் பார்த்தார்.

"ராட்னி, உங்கம்மாவ நான் தூக்கியிருக்கேன். முன்பக்கம், இடது தோளு. இந்த நடை எனக்கு உங்களவிட நல்லாத் தெரியும்."

ராட்னி கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு நகர்ந்து வழிவிட்டார்.

மாடிப்படிக்குக் கீழே கேஸ் மீட்டர் இருக்கும் அலமாரிக்குள் கார்பெட் போகாது என்பது ஏவ்ரிலுக்குத் தெரியும். எந்த வீட்டிலும் போகாது. தேய்ந்த முட்டியோடு மண்டியிட்டார். ராட்னி தன் டார்ச்சை நீட்டினார். பழைய பெயின்ட் டப்பா ஒன்றை நகர்த்தியதும் தெரிந்தது. மாட்டிறைச்சிச் சிவப்பு. கைப்பைத் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கீற்று கீற்றாகப் பொருந்தியது. பின்னால் நின்றபடியே ராட்னி தன் நீளக்காம்புக் கண்ணாடியை அலமாரிக்குள் நீட்டிப் பார்த்தார், நேராகப் பார்க்க விருப்பமில்லாதவர் போல.

அப்புறம் டீ போட்டார். டீ குடிக்கும்போது சொன்னார். அவருடைய அம்மா ஐடா அந்தத் தரைக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மண்டியிட்டு மெழுகு தேய்ப்பார். அவரால் மண்டியிட முடியாமல் போனபிறகு ராட்னி தேய்த்தார். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, விட்டுப்போன இடங்களைக் கைத்தடியால் காட்டுவார். ரயிலில் ஆயிரம் பேரை நடுங்க வைத்துவிட்டு வந்த மனிதர், ஐம்பத்தோரு வயது வரை கொல்லைப்பக்கமாகத்தான் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார். முன்வாசல் வழியாக வந்தால் மெழுகில் தடம் விழும். அந்த நடையில் அவர் கேட்பார் கேள்வியில்லாமல் நடந்த முதல் நாள், அம்மாவின் பெட்டிக்குப் பின்னால் நடந்த நாள்தான்.

"அடுத்த மாசமே கார்பெட்காரன வரச்சொல்லிட்டேன்," என்றார் ராட்னி. "உரிச்சு எறியவும் மனசு வரல, பாக்கவும் மனசு வரல. அதான் மூடிட்டேன்."

"மூடுறதுதான் எங்க தொழிலும்," என்றார் ஏவ்ரில். "தப்பில்ல."

ராட்னி தன் கோப்பையைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தார். வந்து உட்கார்ந்து, எடுத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டு நிபந்தனை. ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் எடுத்துப் போகவேண்டும். இரண்டாவது, இதன் பிறகு இந்த வண்டிக்கு அவர் நடுவராக இருக்க முடியாது. வேறு ஆள் பார்க்கவேண்டும். நடுவர் ராட்னி, செயலாளர் ராட்னிக்கு அன்றே ஒரு விலகல் கடிதம் எழுதினார். செயலாளர் ராட்னி அதைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் எழுதினார். இரண்டின் நகலும் ஏவ்ரிலுக்குத் தபாலில் வந்தன.

ஜூலை நடுவில், இரண்டு நாள், அந்த வீட்டில் நாங்கள் உயிரோடு வெந்தோம். லினோ இளகினால்தான் உடையாமல் வரும். நாலு மின்சார ஹீட்டர், மூன்று மின்கம்பளி, என் வீட்டு வெந்நீர்ப் பைகள் எல்லாம் வைத்து நடையை அடுப்பாக்கினார் ஏவ்ரில். ராட்னி முதல் முறையாக டை இல்லாமல், பிறகு சட்டையும் இல்லாமல், பனியனோடு இருந்தார். கார்பெட்டை உரித்தபோது ஓரம் முழுக்க அதைப் பிடித்துவைக்கும் ஆணிப்பட்டை லினோவைத் துளைத்து இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் போயிற்று. மிச்ச அகலம் வண்டிக்குப் போதுமானதாக இருந்ததால் பிழைத்தோம். லினோவின் ஓரத்தில் அடித்திருந்த சின்னப் பித்தளை ஆணிகளை ஒவ்வொன்றாகக் கிளப்பினோம். அடியில் பழைய செய்தித்தாள் பரப்பியிருந்தார்கள். நெவிலை உதவிக்கு அழைத்து வந்திருந்தோம். அவர் ஒரு குதிரைப் பந்தயப் பக்கத்தை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தவர், 1957-இல் எந்தக் குதிரை ஜெயித்தது என்று கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் எழுந்தார். எழுந்தவர் நேராகத் திருப்பத்தில் ஹீட்டர் படாத மூலையில் கால் வைத்தார். டப் என்று ஒரு முழ நீளத்துக்கு விரிசல்.

ஏவ்ரில் அப்போது சொன்ன வார்த்தைகளை நான் எழுதப்போவதில்லை. ராட்னிதான் குறுக்கே வந்தார். அந்த மூலை எப்படியும் வண்டியின் சோபாவுக்குக் கீழேதான் போகும், அங்கே எவனும் பார்க்கமாட்டான் என்றார். கண்ணாடி வைத்துப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான் என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

சுருளைச் சாம்பல் நிறப் போர்வையில் சுற்றினோம். ஆறடி நீளமாவது இருக்கும். சூடு ஆறுவதற்குள் கொண்டுபோக வேண்டும். வில்ஃபும் வந்திருந்தார். ஏவ்ரிலும் வில்ஃபும் முன்னால், நானும் நெவிலும் பின்னால், தோளில் ஏற்றினோம். ஏவ்ரில் தன்னை அறியாமலே மெதுவாக எண்ணினார்: இடது, வலது, இடது. திருப்பத்தில் நிறுத்தி, நிமிர்த்தி, திருப்பி, மறுபடி படுக்கவைத்தோம். பின்னால் ராட்னி வந்துகொண்டிருந்தார்.

"செவுத்துல உரசாமப் பாத்துக்கங்க," என்றார்.

வில்ஃப் முன்னாலிருந்து, "மாறவே மாட்டியாப்பா நீ," என்றார்.

வாசலில் தபால்காரர் எங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நின்றார். ராட்னி அவருக்குத் தலைவணங்கி நன்றி சொன்னார். கேலியாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வண்டிக்குள் புதுப் பலகைமேல் அதை விரித்து, மூன்று நாள் செங்கல் அடுக்கி வைத்தார் ஏவ்ரில். ஐடாவின் நாற்பது வருஷ மெழுகைச் சுரண்டி எடுத்து, ஆளிவிதை எண்ணெய் தேய்த்தார். நிறம் மேலே வந்தது. மத்தியானம் திரை வழியாக வெயில் விழுந்தபோது, டின் மாட்டிறைச்சி என்று சொன்னதற்காக நானே வருத்தப்பட்டேன். நெவில் வருத்தப்படவில்லை.

ஆகஸ்டில் புல்வெளியில் நாற்பது வண்டிகள். ராட்னி விலகியதால் லிங்கன்ஷயர் சங்கத்திலிருந்து பாம் ஸ்கெல்டன் என்றொரு அம்மாள் நடுவராக வந்தார். அவரிடம் டார்ச்சும் இல்லை, கண்ணாடியும் இல்லை. வாசலில் நின்று ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார்.

"அசல்தான். சந்தேகமில்ல. ஆனா தேய்மானம் தப்பா இருக்கு."

"எப்படித் தப்பு?" என்றார் ஏவ்ரில்.

"கேரவன்ல அடுப்புக்கிட்டயும் கதவுகிட்டயும்தான் தேயும். இது நேரா ஒரே கோடாத் தேஞ்சிருக்கு. இது வீட்டு நடையில கிடந்த லினோ. ரெண்டாம் பரிசு."

முதல் பரிசு கூல் ஊரிலிருந்து வந்த ஒரு தம்பதிக்குப் போனது. அவர்கள் வண்டியில் இருந்தது நேற்றுச் செய்த லினோ. அதை அந்த அம்மாள் கவனித்தும் பொருட்படுத்தவில்லை.

ராட்னி நாற்பது நிமிஷம் சண்டை போட்டார். விதிப்புத்தகத்தை விரித்துவைத்து, தேய்மானத்தைப் பற்றி எந்த விதியும் கிடையாது, எழுதியவனே நான்தான் என்றார். குரல் ரயில் நடைமேடை முழுக்கக் கேட்கும் குரல். பாம் ஸ்கெல்டன் கேட்டுக்கொண்டே ஒரு ஸ்கோன் ரொட்டியைத் தின்று முடித்தார். முடிவை மாற்றவில்லை. ராட்னி அங்கேயே செயலாளர் பதவியிலிருந்தும் விலகினார். இந்த முறை கடிதம் எழுதவில்லை.

ஏவ்ரிலுக்கு ஏமாற்றம்தான். பரவாயில்லை என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இரண்டாம் பரிசுக்குத் தரும் நீல நாடாவை வாங்கிக் கேஸ் விளக்கில் கட்டினார், பிறகு அவிழ்த்து அலமாரிக்குள் எறிந்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்தில் இருந்தவர்கள் பக்கத்து வண்டிகளுக்குள் ஓடினார்கள். ஏவ்ரிலின் வண்டிக்குள் பதினோரு பேர் சேற்றுக் காலோடு ஏறினார்கள். அதில் முன்பின் தெரியாத ஒரு கிழவர், தரையைப் பார்த்து, எங்கள் வீட்டில் இதேதான் இருந்தது என்று சொல்ல, இன்னொருவர் எங்கள் வீட்டில் பச்சை என்றார். பேச்சு பிடித்துக்கொண்டது. ஏவ்ரில் டீ போட எழுந்தார். எழுந்து நின்று அந்தப் பதினோரு பேரையும் பார்த்த பார்வையில் கோபம் குறைந்திருந்தது.

ராட்னிக்கும் ஒரு 1954 வண்டி உண்டு. அதில் அவர் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. படுக்கை விரிப்பு கசங்கும். அந்த வாரம் அவர் போட்டிருந்த கூடாரம் மழையில் விழுந்ததால் வேறு வழியின்றி அதில் படுத்தார். காலையில் பத்து மணி வரை எழுந்திருக்கவில்லை. அவர் வீட்டு நடை இப்போது வெறும் பலகையாகக் கிடக்கிறது. என்ன போடப்போகிறீர்கள் என்று மருந்துக்கடையில் கேட்டேன். ஒன்றும் போடுவதாக இல்லை, நடந்தால் சத்தம் நன்றாக வருகிறது என்றார்.

ஏவ்ரிலும் நெவிலும் திங்கட்கிழமை வண்டியோடு கடற்கரையோரமாக ஊர் சுற்றக் கிளம்பினார்கள். என் சாமான்களை ஏற்றிக்கொண்டு நானும் அவர்களோடு தொற்றிக்கொண்டேன். நெவில்தான் ஓட்டினார், யாரும் மணி அடித்து இறங்காத வண்டியை ஓட்டுவது தனி சுகமாக இருக்கிறது என்றார். பிரிட்லிங்டன் தாண்டிச் சாலையோரம் நிறுத்தி, ஏவ்ரில் பன்றி வறுவலும் முட்டையும் போட்டார். தட்டில் மாற்றும்போது வாணலி சாய்ந்து, கொழுப்பு ஒரு கரண்டி அளவுக்குச் சரியாகத் தரையின் நடுவில் கொட்டியது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். இரண்டு வருஷ உழைப்பு, நாலு மாதத் தேடல். நெவில் மூச்சை அடக்கிக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

ஏவ்ரில் காலுறையோடு அதன்மேல் காலை வைத்து இப்படியும் அப்படியும் நன்றாகத் தேய்த்தார்.

"அடுப்புக்கிட்டதான் தேயணும்னு சொன்னாள்ல," என்றார். "முட்டை ஆறுது, தின்னுங்க."